காம்பவுண்ட் சுவர் மேல் என்ன கோபம்?

திருவனந்தபுரத்தில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் அரை மணி நேரத்தில் இந்தப் புலம்பல் வந்துவிடும். "மலையாளிங்க ஒட்டவே மாட்டாங்க சார். கேட்டைச் சாத்திட்டு உள்ளயே இருப்பாங்க." டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவரும் சொல்கிறார், சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவரும் சொல்கிறார். சுத்த அபத்தம் என்பது என் கட்சி.

நம்மில் பலர் வளர்ந்தது சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரை தெரியும். இந்த ஊரிலேயே கரமனை, வலியசாலை அக்ரஹாரங்கள் அப்படித்தான். மலையாளி வீட்டின் அமைப்பு வேறு. சுற்றிலும் தோட்டம், நடுவில் வீடு, பக்கத்தில் கிணறு.

அந்தக் கிணறுதான் பல சண்டைகளுக்கு மூலம். குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் (1999) குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 7.5 மீட்டருக்குள் கழிவுநீர்க் குழி கூடாது என்றன. நம்மாள் மூணு சென்ட் இடம் வாங்கி, தன் வசதிக்கு ஒரு மூலையில் குழி தோண்டுவார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கேட்டால், "தமிழன்னா இவங்களுக்கு இளக்காரம்" என்று ஆரம்பித்துவிடுவார். ஐயா, அவர் கேட்டது உங்கள் தாய்மொழியை அல்ல, எத்தனை மீட்டர் என்று!

சரி, ஒட்டாதவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாசி மாதம் ஆற்றுகால் பொங்காலை அன்று ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் பதிவே உண்டு. கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குத் தெருவெங்கும் செங்கல் அடுப்பு. முன்பின் தெரியாத பெண்களுக்கு வீட்டு முற்றம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் திறந்து விடுகிறார்கள். அதே கேட்தான், அதே ஆட்கள்தான். மறுநாள் சாத்திக்கொண்டால் அதற்குப் பெயர் திமிரா?

நாமோ பழகிய மூன்றாம் நாளே சம்பளம் எவ்வளவு, பையனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரிக்கிறோம். கேட்காமலே அவர்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்துகிறோம். அவர் மரத்துத் தேங்காய் நம் பக்கம் விழுந்தால் அன்றைக்கே சட்னி :-)

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. மரியாதை என்று நினைத்துப் பெரியவர்களை 'நிங்ஙள்' என்று கூப்பிடாதீர்கள். தென்கேரளத்தில் அது சண்டைக்கு இழுப்பது போலத் தொனிக்கும். 'சாறே' போதும். 'அண்ணா' என்றாலும் தப்பில்லை, திருவனந்தபுரத்தார் பேச்சிலும் அண்ணன் உண்டு.