பழைய விமானம் வாங்கலாமா?

நம்மிடம் கணிதம் பயின்று, இன்று அமெரிக்காவிலே தொழில் பார்த்துக்கொண்டு விமானம் ஓட்டவும் பயின்றுவரும் மாணவர் ஒருவரிடமிருந்து, சில மாதங்களுக்கு முன் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. "ஐயா, 1966ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட செஸ்னா 150 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது வர்ணம் பூசிப் பளபளவென்று நிற்கிறது. ஐந்து வருடச் சேமிப்பு முழுவதையும் கொடுத்தால் வாங்கிவிடலாம். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறொருவர் கொண்டுபோய்விடுவாராம். என்ன செய்ய?" என்பது அதன் சாரம். அவர் அதுவரை பறந்திருந்தது 22 மணித்தியாலங்கள் மட்டுமே.

பயிலும்போதே பழைய விமானம் வாங்குவது புதுமையன்று. 1927இல் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் வரை தனியே பறந்து உலகை வியக்கவைத்த சார்ள்ஸ் லின்ட்பேர்க், 1923இல், தனியாக ஒருமுறையேனும் பறந்திராத நிலையில், யுத்தத்தில் மிஞ்சிய 'ஜென்னி' விமானம் ஒன்றை 500 டொலருக்கு வாங்கி, அதிலேயே முதன்முதல் தனித்துப் பறந்தார். அமேலியா ஏர்ஹார்ட் 1921இல் பயிற்சி தொடங்கிய அதே ஆண்டில் மஞ்சள் நிறக் கின்னர் விமானமொன்றை வாங்கினார். ஆகவே, ஆசையைக் குற்றஞ்சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால், ஆசைக்குக் கணக்குத் தெரியாது. அதனால் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

வாடகை விமானத்துக்குப் பறந்த நேரத்திற்கு மாத்திரம் பணம் கொடுக்கிறோம். சொந்த விமானமோ, பறந்தாலும் பறவாவிட்டாலும் உண்ணும். தரிப்பிடக் கூலி, காப்புறுதி, ஆண்டுக்கொருமுறை கட்டாயமாகச் செய்யவேண்டிய பரிசோதனை ஆகியவை தவணை தவறாமல் வரும் செலவுகள். இவை ஆண்டுக்கு 6,000 டொலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டில் 50 மணித்தியாலம் பறப்பவருக்கு மணிக்கு 120 டொலர் ஆகிறது. 200 மணித்தியாலம் பறப்பவருக்கு 30 டொலரே. எரிபொருளும் பழுதுபார்ப்பும் இதற்குப் புறம்பு. அமெரிக்க விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பயிற்சி போதும். பெரும்பாலோருக்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும். ஊதியத்துக்கு ஓட்டும் அனுமதிக்கு, வழமையான விதிப்படி, 250 மணித்தியாலங்கள் வேண்டும். முன்னையதோடு நிற்பவருக்கு வாடகையே மேல். பின்னையதை நாடுபவருக்குச் சொந்த விமானமோ, நண்பர்களோடு கூட்டாக வாங்கிய விமானமோ கைகொடுக்கலாம்.

இனி இயந்திரம். செஸ்னா 150இல் உள்ள கொன்டினென்டல் இயந்திரத்தை ஏறத்தாழ 1,800 மணித்தியாலம் ஓடியபின் முற்றாகக் கழற்றிப் புதுப்பிக்கவேண்டுமென்பது செய்தவர்களின் அறிவுரை. 1,700 மணித்தியாலம் ஓடிய இயந்திரத்தோடு மலிவாகக் கிடைக்கும் விமானம் உண்மையில் மலிவானதன்று. புதுப்பிக்கும் செலவு விமானத்தின் விலையையே எட்டிப் பிடிக்கக் கூடும். அதேசமயம், பல ஆண்டு ஓடாமல் நின்ற இயந்திரத்தையும் நம்புதற்கில்லை. ஓடாத இயந்திரத்தின் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

நாமும் ஒருமுறை ஏமாந்தவர்தாம். புது வர்ணத்தைக் கண்டு மயங்கிப் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினோம். முதல் மாரியிலே வர்ணம் உரிந்தது. அடியில் தகடே இல்லை! அந்தக் கார் வீதியில் நின்றபோது மாணவர்கள் தள்ளிவிட்டார்கள். ஆகாயத்திலே தள்ள யார் வருவார்? இயந்திரம் நின்ற விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது, சறுக்கி இறங்கும் என்பது உண்மையே. ஆயினும், இறங்க இடம் தேடிக் கற்றுக்கொள்வதற்கு 22 மணித்தியாலம் போதாது.

ஆகவே நாம் எழுதிய மறுமொழி இது: "தம்பி, வர்ணத்தைப் பாராதே, பதிவேட்டைப் பார். விமானம் பிறந்த நாள்முதல் நடந்த பழுதுபார்ப்பெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். அரசாங்கம் பிறப்பித்த பாதுகாப்புக் கட்டளைகள் யாவும் நிறைவேற்றப்பட்டனவா என்று கேள். அதன்மேல் கடன் உண்டா என்பதை ஒக்லஹோமா நகரிலுள்ள விமானப் பதிவகத்தில் தேடுவி. விற்பவரோடு தொடர்பில்லாத திருத்துநர் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சோதிப்பி. சேமிப்பு முழுவதையும் விலையிலே கொட்டாதே. முதலாண்டுப் பழுதுக்கென ஒரு பங்கை ஒதுக்கு. இவற்றுக்கெல்லாம் சனிக்கிழமைவரை நேரம் போதாதென்றால், அந்த விமானம் போகட்டும்."

ஒரு மாதத்தின்பின் மறுமொழி வந்தது. திருத்துநர் இறக்கையின் சிறு மூடிகளைக் கழற்றி வெளிச்சம் பிடித்தபோது, உட்புறத்து அலுமினியத் தகடுகள் அரித்துப் பொரிந்திருந்தனவாம். ஒன்பது ஆண்டுப் பதிவேடும் காணவில்லையாம். "பரிசோதனைக் கூலி வீணாய்ப் போயிற்று, ஐயா" என்று துக்கத்தோடு எழுதியிருந்தார்.

வீணாய்ப் போகவில்லை என்று நாம் எழுதினோம். அவர் தம் பணத்தால் ஒரு விமானத்தை வாங்கவில்லை. ஐந்து வருடச் சேமிப்பையும், ஒருவேளை உயிரையும் மீட்டுக்கொண்டார். இப்போது வாடகை விமானத்திலேயே பயின்று, தனியாகவும் பறந்துவிட்டார். மேலும் இருவரோடு கூட்டாக ஒரு விமானம் தேடுவதாகவும் அறிகிறோம். ஆசை விட்டபாடில்லை. விடவும் வேண்டாம்.

மாணவர்களே! விமானம் வாங்கும் பேறு நம்மிற் பலருக்கு வாய்க்காது. ஆயின், பளபளப்பைக் காட்டி, "இன்றே சொல்" என்று அவசரப்படுத்தும் வியாபாரி எல்லோர் வாயிலுக்கும் ஒருநாள் வருவான். அன்று மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும் பொறுமை நமக்கு இருக்குமானால் அதுவே போதும்.