ஓவியம் வரைதல் சிவயோகமாமோ?

இக்காலத்து ஓவியருள்ளும் அவரைப் புகழ்வாருள்ளும் சிலர், "ஓவியம் வரைதலே தியானம், வரைவோனுக்கு வேறு பூசையும் குருவும் வேண்டா" என்பர். அதற்குச் சான்றாக எஸ். எச். ரஸா என்னும் புகழ்பெற்ற ஓவியரைக் காட்டுவர். 1922 இல் பிறந்த அவர், இளமையில் ஆசிரியர் சுவரிலிட்ட புள்ளியொன்றை நோக்கி மனம் அடங்கப் பயின்றவர். பின்னாளில் பிரான்சு நாட்டில் வாழ்ந்து, 'பிந்து' எனப் பெயரிட்ட வட்டத்தையே பலகாலும் வரைந்து, 2016 இல் மறைந்தார். அவர் கைத்திறனை யாம் இகழ்ந்திலம். அதன்மேல் ஏற்றப்படும் கொள்கையையே ஈண்டு ஆராய்வாம்.

சைவம் கலைக்குப் பகையோ எனின், அன்று. மாலை தொடுத்தலையும் விளக்கேற்றலையும் சரியை எனக் கொண்ட சமயம் ஓவியத்தை வெறுக்குமாறு யாங்ஙனம்? தஞ்சைப் பெரிய கோயிலிற் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றிலே, நாயக்கர்கால ஓவியத்தின்கீழ் மறைந்து கிடந்த சோழர்கால ஓவியங்கள் 1931 இல் வெளிப்பட்டன. அவற்றை எழுதினோர் பெயரை இன்று அறிவார் இலர். அது தொண்டு.

இனி மறுக்கப்படுவன மூன்று. முதலாவது, மன ஒருமை ஒன்றே ஞானமாகாது. மீன்வரவு பார்த்து நிற்கும் கொக்குக்கும், வட்டிக் கணக்கெழுதுவானுக்கும் அவ்வொருமை உண்டு. எதன்கண் ஒருமை என்பதே வினா.

இரண்டாவது, 'பிந்துவின்கண்' என்பரேல், சித்தாந்தத்தில் விந்துவாவது சுத்தமாயை, அது சடம். சுத்தப் பிரபஞ்சத்துக்கு அது முதற்காரணமாவதன்றி நிமித்தகாரணமாகாது. மண்ணைக் கண்டவன் குயவனைக் கண்டவனாகான். பாசத்துள் ஒன்றைப் பதியெனக் கொண்டு அமர்தல், வழியிடைச் சத்திரத்தைச் சேரும் ஊரென்று கருதித் தங்குதல் போலும்.

மூன்றாவது, "என்னை வெளிப்படுத்துகின்றேன்" என்னும் அவர் கூற்று. யான் என்பது அடங்கவே சாதனம் வகுத்தனர் நம் பெரியோர். அதனை வெளிப்படுத்தலே சாதனமென்பது ஆணவமலத்துக்கு அபிடேகஞ் செய்தலாம்.

"ஜி. ஆர். சந்தோஷ் என்பார் 1964 இல் அமரநாதக் குகையைத் தரிசித்தபின், காஷ்மீர சைவத்தைத் தழுவி யந்திர வடிவங்களை ஓவியமாக்கினாரே" எனின், அந்நெறியும் குருவையும் தீக்கையையும் விலக்கிற்றில்லை. ஆகலின் அது இவர்க்குத் துணையாகாது.

ஓவியர் வரைக, திருநீறணிந்து, ஐந்தெழுத்தோதி, வரைந்ததனைத் திருவடிக்கே உரிமையாக்குக. அது சரியைத் தொண்டாய் மேற்படிக்கு வழிகாட்டும். தீக்கைக்குப் பக்குவமுற்று வரும் இளைஞரை, "வண்ணமே போதும்" என்று உபதேசித்து முதற்படியிலேயே நிறுத்திவிடுதல் மட்டும் வேண்டா. இழப்பது ஒரு பிறவி என்பதை அறிவுடையோர் உணர்க.