சிறு மூட்டும் பெருங்கடலும்



அச்சாணி கழன்ற தேர் எத்தனை அலங்காரம் பூண்டிருந்தாலும் ஓரடி நகராது. கடலில் செல்லும் கலத்துக்கு இவ்வுண்மை இன்னும் கடுமையாகப் பொருந்தும். தெருவில் நின்றுபோன தேரைவிட்டு இறங்கி நடந்துவிடலாம். நடுக்கடலில் நின்றுபோன கலத்தை விட்டு எங்கே இறங்குவது?

'விண்ட்சர்ஃபிங்' எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டைப் பற்றியும், அதன் கருவிகள் தேய்ந்தோ தளர்ந்தோ போகும்போது வீட்டிலேயே அவற்றைச் செப்பனிடும் முறையைப் பற்றியும் இம்மாதம் காண்போம். வெளிநாட்டுக் கடற்கரைகளில் இவ்விளையாட்டைப் பயிலும் இளைஞர் பலர். புதிய கருவிகள் மிகுந்த விலை உள்ளவை. ஆதலால் ஒருவர் பயன்படுத்தியதை வாங்கிச் செப்பனிட்டுக்கொள்வோரே அவர்களில் மிகுதி. சிக்கனம் நன்று, ஆனால் எதில் சிக்கனம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். நீண்டதொரு பலகை, அதன் நடுவே ஒரு பாய்மரம், மரத்தில் விரித்த பாய். பாயின் இருபுறமும் வளைந்து செல்லும் 'பூம்' என்னும் கைப்பிடிக் குழாயைப் பற்றிக்கொண்டு, பலகைமேல் நின்றவாறே ஒருவர் செல்கிறார். இதற்குச் சுக்கான் கிடையாது. பாய்மரத்தை முன்னே சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகித் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். மரம் எத்திசையிலும் சாய வேண்டுமாயின் அது பலகையில் அசையாமல் ஊன்றப்பட்டிருக்கலாகாது. எனவே மரத்தின் அடியையும் பலகையையும் எப்பக்கமும் வளையும் ஒரு சிறு மூட்டு இணைக்கிறது.

இந்த மூட்டின் வரலாறே இவ்விளையாட்டின் வரலாறு எனலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த நியூமன் டார்பி என்பவர் 1964ஆம் ஆண்டில், கையால் பிடித்துச் சாய்க்கத்தக்க பாய் கொண்ட பலகை ஒன்றை அமைத்தார். பின்னர் கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும், ஹாயல் ஷ்வைட்சர் என்பவரும் இணைந்து, எத்திசையும் வளையும் மூட்டுடன் கூடிய பாய்ப்பலகைக்கு 1968இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, 1970இல் அதனைப் பெற்றனர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கும், 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெண்டிர்க்கும் இது போட்டியாயிற்று. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலோ நீருக்குள் இறகு போன்ற சட்டம் தாங்க, நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிச் செல்லும் பலகைகள் போட்டியிட்டன. கருவி எவ்வளவு வளர்ந்தாலும் மரத்தடியில் உள்ள மூட்டு மட்டும் இன்றியமையாததாகவே இருந்து வருகிறது.

செப்பனிடும் முறைகளுக்குள் புகுமுன் ஓர் அளவுகோலை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தேய்ந்த பகுதியைக் கையில் எடுத்து, "இது நடுக்கடலில் அறுந்துபோனால் நான் திரும்பி வர முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அதனை வீட்டில் செப்பனிடலாம். முடியாது என்றால் செப்பனிடும் எண்ணத்தையே விட்டுப் புதியதை வாங்குங்கள்.

இக்கேள்வியின் கனத்தை உணர ஒரு கடற்கரையை நினைத்துப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் தரீஃபா என்னும் ஊர் இருக்கிறது. கி.பி. 710இல் அங்கு வந்திறங்கிய தரீஃப் இப்னு மாலிக்கின் பெயரால் வழங்கும் ஊர் அது. இன்று ஐரோப்பாவின் பாய்ப்பலகைக்காரர்கள் நாடிச் செல்லும் முதன்மையான இடங்களுள் ஒன்று. ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய பகுதி அவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. எதிர்க்கரையான மொராக்கோ ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவே. அங்கு வீசும் 'லெவாந்தே' என்னும் கீழைக்காற்று மிக்க வலிமை உடையது. அவ்வூரின் புகழ்பெற்ற மணற்கரைகளில் அது கரையைவிட்டுக் கடல் நோக்கித் தள்ளும் போக்கும் கொண்டது. அத்தகைய காற்றில் மூட்டு முறிந்தால், காற்று அவரைக் கரையில் சேர்க்காது. மேலும் மேலும் கடலுக்குள்தான் கொண்டு செல்லும்.

இனி, வீட்டில் ஒட்டுப்போடக் கூடாதவற்றை முதலில் காண்போம்.

முதலாவது, அந்த மூட்டுத்தான். பெரும்பாலான கருவிகளில் இது இரப்பராலோ, பாலியூரித்தேன் என்னும் நெகிழும் பொருளாலோ ஆன சிறு துண்டு. வெயிலும் உப்பும் ஓயாத வளைவும் சேர்ந்து நாளடைவில் இதனை இறுகச் செய்கின்றன; பின்னர் வெடிப்பு காணும். மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் தெரியாது. இரு கைகளாலும் நன்றாக வளைத்துப் பிடித்து, உலோகக் குவளைக்குள் நுழையும் இரு முனைகளையும் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மயிரிழை அளவு வெடிப்பு தென்பட்டாலும் அத்துண்டின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள். பசை தடவி ஒட்டுவதோ, நாடா சுற்றி வைப்பதோ வேண்டா. ஆணியையோ திருகையோ கழற்றிப் பழையதை நீக்கிப் புதிய துண்டைப் பொருத்துவது வீட்டிலேயே சில நிமிடங்களில் ஆகும் வேலை. வெடிப்பு காணாவிட்டாலும் அடிக்கடி பயன்படுத்துவோர் குறித்த கால இடைவெளியில் மாற்றிவிடுவதே அறிவுடைமை. மூட்டின் பக்கத்திலேயே ஒரு பட்டைவாரோ கயிறோ காப்புக்காக இணைக்கப்பட்டிருக்கும். துண்டு அறுந்தாலும் பாயும் பலகையும் பிரிந்துவிடாமல் காப்பது அதுவே. அதன் தையலையும் முடிச்சையும் மறவாமல் பாருங்கள்.

இரண்டாவது, கயிறுகள். பாயைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கும் கயிறு, கப்பிகளின் வழியே சென்று, பற்கள் கொண்ட பிடிப்பானில் கவ்வப்பட்டு நிற்கும். பிடிப்பான் கவ்வும் இடத்திலேயே அது தேயும். தேய்மானம் வெளியுறையில் மட்டும் தொடங்கியிருந்தால் கயிற்றை முனை மாற்றிப் பூட்டலாம்; அப்போது தேயாத பகுதி பிடிப்பானில் வந்து அமரும். உள்ளிழை தெரியுமளவு நைந்திருந்தால் எறிந்துவிடுங்கள். அறுந்த கயிற்றை முடிச்சிட்டுச் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். முடிச்சு கயிற்றின் வலிமையைக் குறைக்கும், கப்பியிலும் நுழையாது. புதிய கயிற்றை வெட்டியபின் முனையைச் சுடரில் காட்டி உருக்கியோ, நூலால் இறுகச் சுற்றியோ வைத்தால் இழை பிரியாது. இடுப்புக் கச்சையின் கொக்கியை மாட்டும் வளையக் கயிறுகளும், பூம் குழாயோடு கட்டப்பட்ட இடத்தில் நைந்துபோகும், அவற்றையும் பாருங்கள். கச்சையில் இரண்டு முழம் நல்ல கயிறு சுற்றி வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

மூன்றாவது, பாய்மரம். கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ ஆன இம்மரம் வில்லைப்போல் வளைந்து பாயின் இழுவிசையைத் தாங்குகிறது. இதில் நீளவாட்டிலோ குறுக்கிலோ வெடிப்பு கண்டால் வீட்டு ஒட்டு நில்லாது. ஆயினும் இதன் இரு பாதிகள் சேரும் இடத்தில் மணல் புகுந்து சிக்கிக்கொள்வதை நாமே தடுக்கலாம். பொருத்துமுன் இரு முனைகளையும் நல்ல நீரில் கழுவித் துடைத்து, பொருத்தியபின் சேருமிடத்தைச் சுற்றி ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிட்டால் மணல் உட்புகாது.

இனி, வீட்டில் செப்பனிடத்தக்கவை.

பாயின் பெரும்பகுதி கண்ணாடிபோல் தெளிந்த நெகிழித் தாளால் ஆனது. வெயிலில் கிடந்தால் இது நொறுங்கும் தன்மை அடைகிறது. மடித்த கோட்டில் கிழிகிறது. சிறு கிழிசலாயின் பாயைச் சமதரையில் விரியுங்கள். உப்பு போக நல்ல நீரால் கழுவி உலரவிட்டு, ஸ்பிரிட்டால் துடையுங்கள். கிழிந்த ஓரங்களை ஒன்றையொன்று தொடுமாறு சேர்த்துப் பாய்க்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை ஒட்டி, பாயைத் திருப்பி மறுபுறமும் ஒட்டுங்கள். நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்து எழாது. கரண்டியின் முதுகால் தேய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். தையலின் அருகிலோ, மரம் நுழையும் உறையிலோ கிழிந்திருந்தால் பாய் தைப்பவரிடம் கொடுப்பதே முறை. பாயை மடிக்காமல் சுருட்டி நிழலில் வைத்தால் இத்தொல்லையில் பாதி குறையும்.

பலகைக்கு வருவோம். இக்காலப் பலகைகள் பலவற்றின் உள்ளீடு, நாம் தெர்மாகோல் என்று வழங்கும் அதே வகைப் பொருள்தான். அதன்மேல் எப்பாக்சி பிசினில் தோய்த்த கண்ணாடி இழைத் துணி ஓடாக மூடியிருக்கிறது. ஓட்டில் சிறு வெடிப்பு விழுந்தாலும் நீர் உள்ளே கசியும், பலகை கனக்கும். எனவே வெடிப்பைக் கண்டவுடன் பலகையை நீரில் இறக்குவதை நிறுத்துங்கள். வெடித்த பக்கம் கீழே இருக்குமாறு நிழலில் சாய்த்து வைத்து, நீர் முற்றிலும் வடிந்து உலரும்வரை பல நாட்கள் பொறுத்திருங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடிய ஒட்டு விரைவில் விட்டுப்போகும்.

இங்கே பலர் இழைக்கும் தவறு ஒன்று உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலியஸ்டர் பிசினை வாங்கிவந்து பூசுவார்கள். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும்! சிறு துளையை அடைக்கப்போய் உள்ளே பெருங்குழியைத் தோண்டியதாக முடியும். எப்பாக்சி பிசின் மட்டுமே இதற்கு ஏற்றது. வெடிப்பைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சை நீக்குங்கள். பள்ளம் இருந்தால் எப்பாக்சியில் நிரப்புத்தூள் கலந்து அடையுங்கள். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை இரண்டு மூன்று அடுக்காக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுப் பெரியதாக வைத்துப் பிசினால் நனையுங்கள். இறுகியபின் தேய்த்து மட்டமாக்கி வண்ணம் பூசுங்கள். பிசினையும் இறுக்கியையும் புட்டியில் குறித்த அளவிலேயே கலக்க வேண்டும். இறுக்கியை மிகுதியாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம், ஒட்டுத்தான் வலுவிழக்கும்.

இல்லத்தரசியர் கவனத்துக்கு ஒரு சொல்: இவ்வேலை சமையலறையிலோ, குழந்தைகள் நடமாடும் கூடத்திலோ செய்யத்தக்கதன்று. எப்பாக்சி தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். இழைத் தூளோ மூச்சுக்குக் கேடு. காற்றோட்டமான வெளியிடமும், கையுறையும், மூக்கையும் வாயையும் மூடும் தூசுக் கவசமும் கட்டாயம் தேவை.

பலகைகள் பலவற்றில் காற்றுத் திருகு என ஒரு சிறு திருகு உண்டு. வெப்பத்தால் உள்ளிருக்கும் காற்று விரியும்போது ஓடு உப்பிவிடாமல் இருக்க, பலகையைக் கரையில் வைக்கும்போதும் விமானத்தில் அனுப்பும்போதும் அதனைத் திறந்து வைப்பார்கள். நீரில் இறக்குமுன் அதனை மூட மறந்தால், ஒட்டிய ஒட்டெல்லாம் வீண்!

அடுத்து, கால்வார்கள். பாதத்தை நுழைத்துக்கொள்ளும் இவ்வார்களின் திருகு, பலகையில் பதித்த நெகிழிக் குமிழில் இறங்கியிருக்கும். நாளடைவில் மரை தேய்ந்து, திருப்புளியால் எவ்வளவு முறுக்கினாலும் திருகு வெறுமனே சுழலும். திருகைக் கழற்றித் துளையை நன்கு உலரவிட்டு, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் நிரப்புங்கள். திருகில் வாசலின் தடவி அதனுள் செங்குத்தாக இறக்கி, இறுகியபின் கழற்றினால் புதிய மரை உருவாகியிருக்கும். நீளமான திருகை வலிந்து இறக்க முற்படாதீர்கள். அது உள்ளீட்டைத் துளைத்து நீருக்கு வழிவிடும்.

பலகையின் அடியில் மீன் துடுப்பை ஒத்த 'ஃபின்' ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பலகை பக்கவாட்டில் வழுக்காமல் காப்பது அதுவே. பாறையில் உரசி அதன் ஓரம் பிசிறினால், நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அது தன் பள்ளத்தில் ஆடினால், அடிப்பகுதியில் எப்பாக்சியை மெல்லப் பூசி, இறுகியபின் அளவுக்கேற்பத் தேய்த்துப் பொருத்தலாம். திருகை மட்டும் அளவுக்கு மீறி முறுக்கி ஆட்டத்தை நிறுத்த முயன்றால் பள்ளமே வெடிக்கும்.

பழைய கருவியை விலைக்கு வாங்குவோர் இவற்றையே தேர்வாகக் கொள்ளலாம். பலகையைத் தூக்கிப் பாருங்கள். அதன் அளவுக்கு மீறிக் கனத்தால் நீர் குடித்த பலகை எனலாம். மேற்பரப்பைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் ஓடு உள்ளீட்டைவிட்டுப் பிரிந்திருக்கிறது. வண்ணத்தின் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

இவையனைத்துக்கும் மேலான செப்பம் ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. கடலைவிட்டு வந்தவுடன் மூட்டு, கப்பி, கொக்கி, பூம் குழாய் அனைத்தையும் நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இவற்றைத் தேய்ப்பவற்றில் உப்பும் மணலும் வெயிலும் முதன்மையானவை.

எத்தனை கவனமாக இருந்தாலும் கருவி என்றேனும் கடலில் பழுதாகக்கூடும். அப்போது செய்யத்தக்கது இதுவே: எக்காரணம் கொண்டும் பலகையை விட்டு நீந்திச் செல்லாதீர்கள். கரை அருகில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். கை சோர்ந்தபின்தான் அது எவ்வளவு தொலைவு என்பது தெரியும். பாய் போயினும் மரம் போயினும் பலகை மிதக்கும். மீட்க வருவோர்க்கும் தனித்த ஒரு தலையைவிடப் பலகையே எளிதில் புலப்படும். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்காமல் இருப்பதும், தனியே செல்லாமல் இருப்பதும் பழுது பார்ப்பதைப் போன்றே தவிர்க்க முடியாத காப்பு.

வாசகர்களே! பிள்ளைகள் வெளியே புறப்படும்போது எங்கே செல்கிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்பது நம் இல்லங்களின் வழக்கம். பலகையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் பிள்ளையிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போமாக: "மூட்டை வளைத்துப் பார்த்தாயா?"