கத்திக்குத் தெரியாத காசம்

மாட்டுக் காசநோய்ச் சோதனை நல்ல மாடுகளைத்தான் கொல்கிறது என்ற பேச்சு இங்கிலாந்துப் பண்ணைகளில் ஊறிப்போயிருக்கிறது. சோதனையில் சிக்கிய மாடுகளை அறுத்துப் பார்த்தால் பலவற்றில் கட்டியே தென்படுவதில்லையாம். எனவே அவை அநியாயமாகச் செத்தனவாம். ஆனால் இறைச்சிக்கூட ஆய்வாளர் சில நிணநீர்க் கணுக்களைக் கீறிக் கண்ணால் பார்க்கிறார், அவ்வளவுதான். தொற்றிச் சில வாரங்களே ஆன மாட்டில் கட்டி அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. தோல் சோதனை தேடுவது கட்டியை அல்ல, கிருமியை உடல் ஏற்கெனவே சந்தித்ததற்கான அடையாளத்தை. மாட்டுக் காசக் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற புரதச் சாற்றையும் பறவைக் காசக் கிருமியுடையதையும் கழுத்தில் தனித்தனியே ஏற்றி, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கிறார்கள். வழக்கமான அளவுகோலின்படி, முதலாவது மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால்தான் மாடு சிக்கும். தொற்றில்லாத 5,000 மாடுகளில் சுமார் ஒன்றைத்தான் இது தவறாகப் பிடிக்கிறது. தொற்றுள்ளவற்றிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தப்பவிடுகிறது. கோபப்பட வேண்டுமென்றால் இந்த இரண்டாவது கணக்கின் மேல் படலாம். தப்பிய மாடுதான் மந்தைக்குள் நோயை வைத்திருக்கிறது.

நோய் அரிதான வட, கிழக்கு மாவட்டங்களில் அந்த 5,000-ல் ஒன்றும் பெரிதாகத் தெரியும் என்பார்கள். நியாயம்தான்; தொற்று மிக அரிதான இடத்தில் சிக்குவதில் பெரும்பங்கு தவறாகவே இருக்கும். நோய் மலிந்த தென்மேற்கில் அந்த வாதம் செல்லாது. காமா இன்டர்பெரான் இரத்தச் சோதனையை எங்கும் கொண்டுவரலாமே என்றால், அது கூடுதலாகப் பிடிக்கும், கூடவே தவறாகவும் கூடுதலாகப் பிடிக்கும். வழக்கமாக இரு சோதனைகளுக்கும் மூலப்பொருள் ஒன்றே: 1890-ல் ஜெர்மன் ஆய்வாளர் ராபர்ட் கோக் அறிமுகப்படுத்திய டியூபர்குலினின் வழிவந்த புரதக் கலவை. பிசிஜி தடுப்பூசி போட்ட மாடும் இதற்குத் தடித்துவிடும் என்பதால் அந்தத் தடுப்பூசியும் முடங்கிக் கிடக்கிறது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களுக்கான மரபணுக்களை பிசிஜி கிருமி இழந்துவிட்டது. அவற்றையே அடையாளமாகக் கொண்டால் தடுப்பூசி போட்ட மாட்டையும் நோய் தொற்றிய மாட்டையும் பிரித்தறியலாம். இங்கிலாந்தில் 2021-ல் இதற்கான களச்சோதனை தொடங்கியது. மாட்டை வெட்டி நோயை ஒழிக்க வழியில்லாத இந்தியாவுக்கு இது இன்னும் அவசரம்.

‘கட்டியில்லையேல் நோயில்லை’ என்ற நம்பிக்கை, தொற்றைக் காட்டும் இத்தகைய புதிய குறியீடுகளுக்கான தேடலையும் கெடுக்கும். புதிய குறியீட்டை இறைச்சிக்கூடத்துக் கத்தியை வைத்தே மதிப்பிட்டால், தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் குறியீடு பொய் சொல்வதாகத் தள்ளுபடியாகும். நோய் முற்றிய பிறகு எழும் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் குறியீடு முதல் மதிப்பெண் வாங்கும். அதற்குள் அந்த மாடு எத்தனை கன்றுகளோடு ஒரே கொட்டகையில் மூச்சுவிட்டிருக்கும் என்பதை மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை.