பொருத்தியவர்க்குப் பொறுப்பில்லையா?

நரம்பு மண்டலத்தில் மின்கருவிகளைப் பதித்து, இழந்த புலனையும் இயக்கத்தையும் மீட்க முயலும் மருத்துவத்தை நாம் எதிர்க்கவில்லை. பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கை, மூளையில் பதித்த மின்முனைகளால் அமைதியுறுவது மனித அறிவுக்குப் பெருமையே. பொருத்தும்வரை நோயாளியை உபசரித்து, பொருத்தியபின் கைகழுவும் வழக்கத்தைத்தான் கண்டிக்கிறோம்.

அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்னும் செயற்கை விழித்திரையை உருவாக்கியது. மூக்குக்கண்ணாடியில் உள்ள சிறு கேமரா காண்பதை இடையில் அணியும் பெட்டியொன்று மின்குறிகளாக்கும். விழித்திரைமேல் பதித்த 60 மின்முனைகள் அவற்றை நரம்புக்கு உணர்த்தும். கிடைத்தது முழுப் பார்வையன்று. ஒளியும் நிழலும், கதவின் விளிம்பும் மட்டுமே. பல்லாண்டு இருளில் இருந்தவர்க்கு அதுவே எவ்வளவு பெரிது! 2013-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. விலை ஏறத்தாழ 1,50,000 டாலர். உலகெங்கும் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டனர்.

2019-இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 2020 மார்ச்சில் ஊழியரில் பெரும்பாலோரை வெளியேற்றியது. 2022-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. வெளிப்பெட்டி பழுதானபோது பழுதுபார்க்க ஆளில்லாமற்போயிற்று. கண்ணுக்குள் கருவி இருக்க, எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாமா என்று மருத்துவர் கேட்டபோது விடை சொல்லவும் ஆளில்லாமற்போயிற்று.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்தது இன்னும் கொடிது. வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவியை 2010 முதல் 15 பேருக்குப் பொருத்தி ஆய்ந்தனர். நியூரோவிஸ்டா நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுக்கவேண்டாமென மன்றாடிய பெண்மணி ஒருவர், அதை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார். ஆயினும் அகற்றப்பட்டது. தம் உடலின் உறுப்பாகவே அவர் உணர்ந்த பொருளுக்கு வேறொருவர் உரிமையாளர்!

'தெரிந்துதானே கையொப்பமிட்டனர்?' என்பார் சிலர். அறுவையின் ஆபத்துக்கு அவர்கள் இசைந்தனர். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திற்குமா இசைந்தனர்? பார்வை வேண்டி நிற்பவரிடம் அச்சிட்ட தாளை நீட்டிப் பெறும் சம்மதத்தை நாம் பெரிதாக மதிப்பதற்கில்லை.

'நிபந்தனை விதித்தால் கண்டுபிடிப்பு நின்றுபோகும்' என்பது அடுத்த வாதம். இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கரைப் பாருங்கள். அதன் கம்பி இணைப்புக்கு உலகப் பொது அளவு வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனம் மறைந்தாலும் மற்றொன்றின் கருவியைப் பழைய கம்பியோடு இணைக்க வழியுண்டு. அதனால் பேஸ்மேக்கர் தொழில் நலிந்துவிட்டதா?

இது செல்வநாடுகளின் கவலை என்றும் எண்ணவேண்டாம். காது கேளாத சிறு குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால் காதருகே அணியும் பெட்டி தேயும், வடம் அறும். அந்தக் குழந்தையோ அறுபது, எழுபது ஆண்டு வாழவேண்டியவள்.

ஆகவே உரிமம் கேட்டு வரும் ஒவ்வொரு நிறுவனமும், பொருத்திய கருவிகளின் பராமரிப்புக்கும், தேவைப்பட்டால் அகற்றும் அறுவைக்கும், தான் தொடமுடியாத தனி நிதியை முன்கூட்டியே ஒப்படைக்கட்டும். கருவியின் வரைபடமும் மென்பொருளும் பொது அமைப்பொன்றிடம் இருக்கட்டும். நிறுவனம் சாய்ந்தால் பிறர் பழுதுபார்க்கலாம். 2024 சனவரியில் நியூராலிங்க் தன் கருவியை முதல் மனிதரின் மூளையில் பதித்தது முதல் இத்துறையின் பெயர் முதலீட்டாளர் நாவில் புரள்கிறது. பணம் திரளும் வேளையிலேயே இந்நிதியைக் கேட்டு வாங்கவேண்டும். நிறுவனம் திவாலானபின் கேட்டால், கடன்காரர் வரிசையில் நோயாளிக்கு இடமே இராது.