சாட்சியங்கள் இருக்கும் கணினிக்கு யார் காவல்?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரை சேர்ந்திருந்த தரவுகள் இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பாவனையில் இருந்ததோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள்.

அரசின் அசட்டை என்று கூறி இதைக் கடந்துபோகலாம். ஆனால், இதே கேள்வியை எமது பக்கமும் திருப்பவேண்டியிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வழங்கிய வாக்குமூலங்கள், படங்கள், முகவரிகள் இன்று கடதாசிக் கோவைகளில் மட்டும் இல்லை. அவற்றைச் சேகரித்த அமைப்புகளின் கணினிகளிலும் இணையத்தளங்களிலும் இருக்கின்றன. அவை கசிந்தால் ஆபத்து அமைப்புக்கு மட்டுமல்ல, பெயர் சொல்லிச் சாட்சியமளித்த தாய்க்கும்தான்.

ஓர் இணையத்தளத்தை உருவாக்குபவர் அதன் எல்லாப் பகுதிகளையும் தானே எழுதுவதில்லை. பிறர் எழுதி இலவசமாக வெளியிட்ட நூற்றுக்கணக்கான மென்பொருள் பொதிகளைச் சேர்த்தே கட்டுகிறார். அவற்றில் ஒன்றில் ஓட்டை இருந்தாலும் முழு வீடும் திறந்துகிடக்கும். அமெரிக்காவின் ஈக்விஃபக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதுதான். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற பொதியின் குறைபாட்டுக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளியானது. நிறுவனம் தனது கணினிகளில் தேடியும் பழைய பதிப்பு இருந்த இடம் கண்ணில் படவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்களை எடுத்துச் சென்றனர்.

இதைச் சோதிக்கப் பெரும் செலவு தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட தளமாயின் கட்டளை வரியில் 'என்பிஎம் ஓடிட்', பைதனுக்கு 'பிப்-ஓடிட்', பிஎச்பிக்கு 'கொம்போசர் ஓடிட்' என்று தட்டச்சு செய்தால் போதும். தளத்தில் உள்ள பொதிகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும், ஏற்கனவே அறியப்பட்ட குறைபாடுகளின் பொதுப் பட்டியலோடு அது ஒப்பிடும். எந்தப் பொதியில் ஓட்டை என்பதையும், கருவியைப் பொறுத்து அதன் பாரதூரத்தையும் மாறவேண்டிய பதிப்பையும் சில நொடிகளில் காட்டும்.

ஆனால், பட்டியலில் இல்லாததை அது காட்டாது. 2024 மார்ச்சில் எக்ஸ்செட் என்ற பொதிக்குள் திட்டமிட்டே மறைக்கப்பட்டிருந்த பின்கதவை அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை நொடி கூடுதலாக எடுத்ததே அவருக்குச் சந்தேகத்தை ஏற்படுத்தியது. அதற்கு முதல் நாள் இப்படியொரு சோதனை செய்திருந்தால் 'குறைபாடு எதுவுமில்லை' என்றே பதில் வந்திருக்கும். ஆகவே, ஒருமுறை பார்த்தோம், முடிந்தது என்றிருக்க முடியாது. வாரமொரு தடவையாவது பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும்.

சிக்கல் இங்குதான் இருக்கிறது. கொடையாளர் நிதி தளத்தைக் கட்டுவதற்குக் கிடைக்கிறது, பராமரிக்கக் கிடைப்பதில்லை. செயற்றிட்டம் முடிய வடிவமைத்தவரும் போய்விடுகிறார், வாக்குமூலங்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்தமுறை வாக்குமூலம் கேட்டு வருபவர்களிடம் மூன்று கேள்விகளை உறவுகள் கேட்கலாம்: இதை எங்கே வைப்பீர்கள்? அதன் மென்பொருளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? உங்களது நிதி முடிந்த பிறகு யார் பார்ப்பார்கள்?