மாகாண சபையை எங்களிடம் தாருங்கள்: குண்டசாலை மக்களின் கோரிக்கைச் சாசனம்

மேன்மைதங்கிய ஜனாதிபதி அவர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

குண்டசாலை, பல்லேகலை, திகனப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள் நாங்கள். 2022 ஜூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறியபோது, ஆள் மாறினால் போதாது, ஆளும் முறையே மாற வேண்டும் என்று நாடு கேட்டது. அந்த மாற்றத்தைச் செய்வதாகச் சொல்லித்தான் 2024இல் நீங்கள் வாக்குக் கேட்டீர்கள். மக்கள் 159 ஆசனங்களைத் தந்தார்கள். பெரும்பான்மை போதவில்லை என்று சொல்ல இனி இடமில்லை.

பழைய ஏமாற்றங்களே எங்களைப் பேச வைக்கின்றன. 1978இல் வந்த நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாகச் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். அந்த நாள் கடந்து போனது. 2015இல் 19ஆம் திருத்தம் அதிகாரத்தைக் குறைத்தது. 2018 ஒக்டோபரில், அத்திருத்தத்தை நிறைவேற்றுவித்த ஜனாதிபதியே பிரதமரை நீக்கிவிட்டு, அடுத்துப் பாராளுமன்றத்தையும் கலைத்தார். உயர் நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் குறைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. துனீசியாவிலும் இப்படித்தான். 2014 அரசியலமைப்பு சொன்ன அரசியலமைப்பு நீதிமன்றத்தை அமைக்காமலே ஆண்டுகளைக் கடத்தினார்கள். 2021 ஜூலையில் ஜனாதிபதி பாராளுமன்றத்தை முடக்கியபோது தடுக்க அங்கே எவருமில்லை. மாற்றத்தைத் தள்ளிப்போடும் அரசாங்கம் அடுத்து வரும் சர்வாதிகாரிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

எங்கள் முதற் கோரிக்கை மாகாண சபைத் தேர்தல். மத்திய மாகாண சபைக் கட்டடத் தொகுதி பல்லேகலையில், எங்கள் கண்ணெதிரே நிற்கிறது. அலுவலகங்கள் இயங்குகின்றன. ஆனால் 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் அங்கே மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினரும் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். எங்கள் பிள்ளைகளின் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லையென்றால், கிராமிய வைத்தியசாலையில் மருந்து இல்லையென்றால், வாக்கால் தண்டிக்கக்கூடிய ஒருவர் எங்களுக்கு இல்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018இல் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கப் பாராளுமன்றத்தால் முடியும். பழைய விகிதாசார முறையிலேனும் நடத்தச் சட்டம் இயற்றுங்கள், திகதியை அறிவியுங்கள். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே வரை இழுபட்டதும், அந்தத் தாமதம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, திகன. 2018 மார்ச்சில் இங்கே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அப்போது ஆட்சியில் இருந்தது, முந்தைய ஆட்சியை மாற்றி வந்த ‘நல்லாட்சி’ அரசாங்கம். அவசரகால நிலை வந்தது, சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அடக்குமுறை ஆட்சி போனதும் வெறுப்பும் தானாகப் போய்விடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த வாரம் போதுமான பதில். ஒவ்வொரு முறைப்பாடும் எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு இழப்பீடு கிடைத்தது, கடமை தவறிய பொலிஸார் மீது என்ன நடவடிக்கை என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் அறிக்கையாக வெளியிடுங்கள்.

மூன்றாவது, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று சொல்கிறது. அதை நீக்குங்கள். அதே அதிகாரங்களை வேறு பெயரில் கொண்டுவரும் எந்தச் சட்டத்தையும் ஏற்கமாட்டோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மீளப் பெறுங்கள்.

கடைசியாக, நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் சட்டமூலத்தையும் சர்வஜன வாக்கெடுப்புத் திகதியையும் இந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளுக்குள் எங்கள் முன் வையுங்கள். பதவிக்காலத்தின் இறுதி மாதங்களுக்கு அதை ஒத்திவைக்க வேண்டாம்.

இதற்கு உடன்படும் அயலவர்கள், எந்த மொழி பேசுபவராயினும், தம் பெயரையும் கிராம சேவகர் பிரிவையும் எழுதிக் கையொப்பமிடும்படி வேண்டுகிறோம்.